நீலக் கதவுக்காரி

வசனம் முடிந்த பிறகும் திரையில் அந்தச் சிறுமியின் வாய் அசைந்துகொண்டிருந்தது.

டப்பிங் பேச வந்தவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வசனம் அவ்வளவுதான். ஒரு நீலக் கதவைத் திறந்து நாடு நாடாகச் சுற்றும் சிறுமியைப் பற்றிய குழந்தைகள் படம். கதவுக்கு அப்பால் ஒருமுறை கடலுக்கடியில் கோட்டை, ஒருமுறை பறக்கும் ஊர், இப்போது பனிக்காடு. சிறுமிக்குக் குரல் இவளுடையது. நினைத்த மாத்திரத்தில் தொண்டைக்குள் பத்து வயதைக் கொண்டுவந்துவிடுவாள், பிழைப்பே அதுதான்.

"வாய் இன்னும் அசையுதே சார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியரின் குரல் ஹெட்போனில் வந்தது. "எனக்கு மூடித்தாம்மா இருக்கு. காலைல சாப்பிட்டியா இல்லையா?"

அவருக்குப் பக்கத்தில் இவள் மகள் காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா பேசுகிற படத்தைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கூட வந்தவள்.

மறுபடி ஓட்டினார். வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாத பஞ்சுச் சுவர்களுக்கு நடுவே, பழைய கம்பள நாற்றத்தை அமுக்கிக்கொண்டு ஈர மரத்தின் வாடை மெல்லக் கிளம்பிவர, பாதத்தில் தொடங்கிய சில்லிப்பு முழங்காலைத் தொட்டதைக்கூடக் கவனிக்காமல், அவள் அந்த உதடுகளையே பார்த்தாள். வாயசைவு பார்த்துப் பேசிப் பழகிய கண். படித்துவிட்டது.

என் வாய்ல நீ ஏன் பேசுற?

சிறுமி நேராக இவளைத்தான் பார்த்தாள். அப்படியொரு வெறுப்பு.

நிறுத்துங்க சார் என்று சொல்ல வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை. ஹெட்போனில் மட்டும் அவள் குரல் கேட்டது. அவளுடைய சொந்தக் குரல்.

"ஒண்ணுமில்ல சார். ஓட்டுங்க."

"அப்படிச் சொல்லு," என்று இன்ஜினியர் கருவிமேல் குனிந்துகொண்டார்.

கத்தினாள். காற்றுகூட வரவில்லை. கண்ணாடியைத் தட்டப் போனாள். முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை.

"கண்ணு," என்றது அவள் குரல், ஸ்பீக்கரில், கொஞ்சலாக. "அம்மா இங்க இருக்கேன். ஓடி வா."

மகள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். பேசும் அறையின் கதவு திறந்தது. திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

இவள் கையை நீட்டினாள். சட்டை நுனி விரலில் பட்டது. நழுவியது.

பிறகு அறையில் இவளைத் தவிர யாருமில்லை.

"அழுகைக் காட்சிம்மா," என்றார் இன்ஜினியர், குனிந்தபடியே. "ரெடியா?"

திரையில் பனிக்காடு. முழங்கால்வரை பனி. அதில் அவள் மகள். வாய் திறந்தது, மூடியது, திறந்தது. அம்மா. அம்மா.

மகளுக்கு முன்னால் நீலக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டிருந்தது. அதன் இந்தப் பக்கத்துக் கைப்பிடியில், திரைக்கு வெளியே, பனி சொட்டும் ஒரு சின்னக் கை.