பதினொரு செங்கால் கட்டைகள்

பதினொரு செங்கால் கட்டைகள். செங்கால் என்றால் வைரம் பாய்ந்த காட்டு மரம். பதினொன்றின் வெட்டுமுகத்திலும் சர்க்கார் கிரீடமும் ஏழாம் எண்ணும் பதிந்திருந்தன. ஆனால் காட்டிலாகாப் புத்தகத்தைப் புரட்டினால், அதில் ஒரு கட்டைகூட இல்லை. 1932 ஜூன் எட்டாம் தேதி சாயங்காலம், கிள்ளானில் ஒரு மர மில்லைப் பார்வையிடப் போன காட்டிலாகா வெள்ளைக்காரத் துரை கண்டுபிடித்த சங்கதி இதுதான்.

அந்தக் காலத்தில் காட்டிலிருந்து வந்த மரம் அனுமதி பெற்றதுதான் என்பதற்கு முத்திரைச் சுத்தியல்தான் அத்தாட்சி. இரும்புத் தலையில் கிரீடம் செதுக்கியிருக்கும். கட்டையின் வெட்டுமுகத்தில் ஓங்கி ஓர் அடி விழுந்தால், அப்புறம் அதை அறுக்கலாம், விற்கலாம், கேட்பாரில்லை. ஏழாம் எண் சுத்தியலுக்குப் பொறுப்பாளி வனக்காவலர் அய்யாவு.

அய்யாவு அப்போது கிள்ளானிலேயே இல்லை. மே நாலாம் தேதியே கெப்போங் வனப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போய்விட்டான். காப்பார் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் அவன். தந்தியடித்து அவனை வரவழைத்தார்கள். மறுநாள் மாலை நாலு மணிக்குத் துரை வேலைநீக்கக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். வேலை போகும், பிறகு மாத்தா-மாத்தா போலீஸ் வந்து விலங்கு மாட்டுவார்கள் என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 9, காலை 6.40. பிரிக்பீல்ட்ஸ்.

அப்போதைய பிரிக்பீல்ட்ஸுக்கென்று ஒரு வாசம் இருந்தது. ரயில் கரிப்புகை பாதி, சதுப்புநிலத்துப் பாக்காவ் மர விறகு பாதி. காலையில் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டும்போது தெருவே கண்ணைக் கசக்கும். அந்த விறகில் முக்கால்வாசி பவுனம்மாள் கடை விறகு. அவள் அய்யாவுக்கு அக்காள். விறகைக் கையில் வாங்கியதும் அது சதுப்பில் எத்தனை நாள் கிடந்தது, வெயிலில் எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் யாரும் அவளைக் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. வாயாடி என்று மட்டும் சொல்வார்கள்.

"நான் அடிக்கலக்கா," என்றான் அய்யாவு. கண் சிவந்திருந்தது.

"நீ அடிச்சியான்னா கேட்டேன்? எப்போ அடிச்ச முத்திரைன்னுதான் கேக்குறேன்."

"தெரியலியே. வேல போச்சுன்னா கப்பல்ல ஏத்திடுவாங்கக்கா. வேல இல்லாதவங்கள எல்லாம் நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கிட்டுல்ல இருக்காங்க."

நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. பவுனம்மாள் கடைக்குப் பலகை சாத்தினாள்.

"வா, கிள்ளானுக்குப் போவோம்."

காலை 9.15. கிள்ளான், காட்டிலாகா அலுவலகம்.

விறகு லைசென்ஸுக்கு மாதா மாதம் வருகிறவள் என்பதால் பவுனம்மாளை ரேஞ்சர் ராதாகிருஷ்ணனுக்கு நன்றாகத் தெரியும். வாரத்தில் அஞ்சு நாள் காட்டில் திரிந்து, மிச்ச நாளில் அட்டைக் கடியைச் சொறிந்துகொண்டிருக்கும் மனிதர். நியாயஸ்தர். பக்கத்து மேசையில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி சபாபதி. இஸ்திரி கலையாத வெள்ளைக் கோட்டு, முத்துமுத்தான கையெழுத்து. பதினாறு வருஷ சர்வீஸில் காட்டை அவர் வரைபடத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

"ஐயா, அந்தச் சுத்தியல் யார் யார் கையில இருந்துச்சு?" என்று பவுனம்மாள் ரேஞ்சரைக் கேட்டாள்.

"மே நாலாம் தேதி வரைக்கும் அய்யாவு கையில. அன்னிக்கு இங்க ஒப்படைச்சான். இருபதாம் தேதி வரைக்கும் இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டிக் கிடந்துச்சு. இருபத்தொண்ணாம் தேதி வாசு வாங்கினான்."

வாசு, அய்யாவுக்குப் பதிலாக வந்த தற்காலிகக் காவலர். அவன் தலையைச் சொறிந்தான்.

"வாங்குன அன்னிக்கே தண்டவாளத்து மேல போட்டுட்டேன்க்கா. கிரீடத்துல ஒரு முனை உடைஞ்சிருச்சு லா. அதுக்கே ஐயாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

சபாபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் சொல்றேன். கட்டையில இருக்கிற கிரீடத்துக்கு மூணு முனையும் முழுசா இருக்கு. அப்போ அது வாசு காலத்து அடி இல்ல. அதுக்கு முந்தி சுத்தியல் வச்சிருந்தது யாரு? உங்க தம்பி. ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுதானம்மா."

"பெட்டிச் சாவி?"

"ரெண்டு," என்றார் சபாபதி. "ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு துரைகிட்ட. அவர் மே மாசம் பூரா லீவுல பினாங்கு மலையில இருந்தாரு, சாவியும் அவர் பையில. பெட்டி அப்படியே கிடந்துச்சு."

"மரம் எப்போ வெட்டினதுங்க?"

இதற்கு ரேஞ்சர் பதில் சொன்னார். "ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி நானே சுங்கை பூலோ காட்டுல நின்னு எண்ணினேன். அப்போ இந்த மரமெல்லாம் நின்னுச்சு. மே ஒண்ணாம் தேதி வெட்டினதா மில்காரங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. மூணாம் தேதி அய்யாவு முத்திரை அடிச்சானாம்."

"அன்னிக்கு நான் மேருக் காட்டுல ரோந்து போனேன் ஐயா," என்றான் அய்யாவு.

"கூட யாரு?"

"தனியாத்தான்."

சபாபதி அதைக் குறித்துக்கொண்டார்.

காலை 11.05. மர மில்.

மில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் ரெங்கசாமி கட்டைகளைக் காட்டினார். சபாபதியும் கூடவே வந்தார்; அவருக்கு அங்கே என்ன வேலை என்று ரேஞ்சருக்கே புரியவில்லை. பவுனம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கட்டையின் முன் குந்தினாள்.

வெட்டுமுகம் கறுத்திருந்தது. அங்கங்கே பிசின் வழிந்து, கண்ணாடிபோல் இறுகியிருந்தது. ஓரத்தில் உளியால் வெட்டிய இரட்டைக் கோடு, அந்த மில்லின் குறி. அதன் மேலெல்லாம் பிசின் படர்ந்து மூடியிருந்தது. விரலால் தடவினால் கோடு தட்டுப்படவில்லை, மழமழவென்றிருந்தது. நடுவில் கிரீடம். அதன் பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தூள்.

"இது என்னங்க வெள்ளையா?"

"சுண்ணாம்புக்கட்டி," என்றார் சபாபதி. "அளவெடுக்கும்போது பட்டிருக்கும்."

பவுனம்மாள் மற்றப் பத்துக் கட்டைகளையும் பார்த்தாள். எட்டில் அதே தூள். ஊசியால் அதைச் சுரண்டி முந்தானையில் முடிந்துகொண்டு மண்டோரிடம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க குறிய எப்போ வெட்டுவீங்க?"

"மரம் சாஞ்ச அன்னிக்கே. இல்லாட்டி அடுத்த மில்காரன் அவன் குறியப் போட்டுத் தூக்கிட்டுப் போயிருவான்."

"சர்க்கார் முத்திரை?"

"மூணாம் தேதி. அய்யாவுதான் அடிச்சாரு."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

ரெங்கசாமி ஒரு கணம் சபாபதியைப் பார்த்தார். "பாத்தேன்."

"அப்போ ரெண்டுக்கும் நடுவுல ரெண்டே நாள்."

"ஆமா, ரெண்டே நாள்."

பிற்பகல் 3.20. மீண்டும் அலுவலகம்.

துரையின் மோட்டார் வர இன்னும் நாற்பது நிமிஷம். பவுனம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தேநீர் போடும் கரியடுப்பு. ஆபீஸ் பியூன் அதைத் தூக்கிவந்து ரேஞ்சர் மேசைக்கு முன்னால் வைத்தான். ரெங்கசாமியையும் கூப்பிட்டிருந்தார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த வெள்ளைத் தூளைக் கனலில் தூவினாள்.

சுண்ணாம்பாக இருந்தால் சும்மா கிடந்திருக்கும். இது சீறி, புகைந்து, அறை முழுக்க மணத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும் வீட்டு மணம். வாசு அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"குங்கிலியம்!" என்றார் ரேஞ்சர்.

"ஆமாங்க. இங்க டாமார்னு சொல்றது. செங்கால் மரத்துப் பிசின். வெட்டின மரம் நாலஞ்சு நாளைக்கு அழுதுக்கிட்டே இருக்கும். அப்போ பிசின் பாகு மாதிரி. அதுல சுத்தியல் பட்டா ஒட்டும், இழுக்கும், தூளாவாது. பத்துப் பன்னெண்டு நாள் வெயில்ல கிடந்தாத்தான் கண்ணாடி மாதிரி இறுகும். இறுகினத அடிச்சாத்தான் இப்படி வெள்ளை மாவாப் போகும்."

"அப்போ..." ரேஞ்சர் எழுந்து நின்றார்.

"மில் குறி பிசினுக்கு அடியில இருக்கு. அது வெட்டின அன்னிக்குப் போட்டது. அண்ணன் சொன்னது சரிதான். ரெண்டு நாள் கழிச்சு என் தம்பி கிரீடம் அடிச்சிருந்தா, அது மேலயும் பிசின் வழிஞ்சு மூடியிருக்கணுமில்ல? மூடல. கிரீடம் பிசினை உடைச்சுக்கிட்டு மேல உக்காந்திருக்கு. மே பத்துக்கு முந்தி அந்த அடி விழுந்திருக்கவே முடியாது. அப்போ அய்யாவு கெப்போங்ல."

வாசு முன்னால் வந்தான். "அக்கா, அப்போ நானா?"

"நீ இல்லப்பா. நீதான் முனைய உடைச்சிட்டியே. கட்டையில கிரீடம் முழுசா இருக்கு. அந்தச் சுத்தியல் உன்னைக் காப்பாத்திருச்சு." அவள் மெதுவாகத் திரும்பினாள். "மே பத்துக்கு அப்புறம், இருபத்தொண்ணுக்கு முந்தி. அந்தப் பத்து நாளும் சுத்தியல் பெட்டிக்குள்ள இருந்துச்சு. பூட்டின பெட்டின்னு எல்லாரும் அதை விட்டுட்டோம். சாவி ஒண்ணு பினாங்குல. இன்னொண்ணு உங்ககிட்ட, கிராணி ஐயா."

சபாபதி கோட்டுப் பித்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"மண்டோர்!" என்றார் ரேஞ்சர்.

"மே பதினாறாம் தேதிங்க," என்று ரெங்கசாமி கொட்டிவிட்டார். "ஞாயித்துக்கிழமை பெட்டியத் திறந்து எடுத்தாரு, மறுநாள் காலையில மில்லுக்குக் கொண்டாந்து அவர் கையாலயே அடிச்சாரு. பழைய தேதி சொல்லச் சொன்னதும் அவர்தான்."

சபாபதி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆள் குறைக்கிற பட்டியல் நான்தான் டைப் அடிச்சேன். என் பேரு ரெண்டாவது. நாலு பொம்பளப் புள்ளைங்க எனக்கு. முத்திரை அடிச்சுக் கொடுத்தா மில்லுல கிராணி வேலை தர்றேன்னாங்க." பிறகு, புரியாதவராகப் பவுனம்மாளைப் பார்த்தார். "புத்தகத்துல தேதிய எப்படி வேணும்னாலும் எழுதலாம். மரம் தேதி வச்சிருக்கும்னு யாருமே எனக்குச் சொல்லலியே."

பவுனம்மாளுக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. நாலு பெண்கள் என்றதும் அவளுக்கு மனசு இளகியது உண்மை.

"பயந்தது தப்பில்லீங்க. இந்தக் காலத்துல யாருக்குத்தான் பயமில்ல? பழிய என் தம்பி தலையில வச்சீங்களே, அதுதான் எனக்குத் தாங்கல."

மாலை 4.00. துரை வந்தார். கையெழுத்துப் போட்டார், வேறு ஒரு காகிதத்தில்.

அன்று மாலை ரயிலிலேயே அய்யாவு கெப்போங்குக்குத் திரும்பினான். ரயில் நகரும்போது என்னமோ சொல்ல வந்து, சொல்லத் தெரியாமல் அழுதான். "மூக்கைத் துடைடா, காக்கிச் சட்டை நனையுது," என்றாள் பவுனம்மாள். ரயில் மறைந்ததும், பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து அவளும் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

வழக்கு முடிந்த பிறகு, சாட்சிக்கு அறுத்த வில்லைகளில் ஒன்றை ரேஞ்சர் அவளுக்கு அனுப்பி வைத்தார். தட்டு அகலம், அடியில் மில் குறி, மேலே பிசின், அதன் மேல் மூன்று முனைக் கிரீடம். பின்னாளில் அய்யாவு ரேஞ்சர் ஆனான். ஜப்பான்காரன் காலம் வந்தது. விறகுக்கடையிலேயே விறகில்லாமல் பவுனம்மாள் தேங்காய் மட்டையில் கஞ்சி காய்ச்சினாள். அப்போதும் அந்த வில்லை கடைச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, நல்ல செங்காலு. பிளந்தா ரெண்டு நாள் அடுப்பெரியுமே," என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்.

"அது விறகில்ல," என்பாள் பவுனம்மாள். "என் தம்பியோட சர்டிபிகேட்டு."