நடுத்துண்டு

விரால் துள்ளவில்லை. அதுதான் ரத்னாவுக்கு முதலில் உறுத்தியது. வாளிக்கு மூடி போட்டு, மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாலும் தள்ளிக்கொண்டு வெளியே குதிக்கிற மீன் அது. சாம்பலைத் தேய்த்துப் பிடித்தாலும் கைக்குள் நிற்காது. இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், வெள்ளை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு வாளிக்குள் மெதுவாக வட்டம் போட்டது. செத்த மீனில்லை. செவுள் அசைந்தது.

"இன்னா அண்ணி, அப்படிப் பாத்துகினு கீற? மூணு கிலோ தேறும். நடுத்துண்ட மதிக்கு எடுத்து வையி," என்றான் கொழுந்தன் ஹேமந்த்.

வல்லம் வடகால் கிராமத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை. குட்டைக்கு அந்தப் பக்கம் பழைய டியூப்லைட்டுகளை உடைக்கிற கிடங்கு. மழை பெய்தால் அங்கிருந்து வழிவதெல்லாம் குட்டைக்குத்தான் வரும். ஹேமந்த் வாரம் தவறாமல் அதில்தான் தூண்டில் போடுவான்.

ரத்னா வாழவந்து ஏழு வருஷம். அதில் ஆறு வருஷம் நடுத்துண்டு அவள் தட்டில்தான் விழுந்தது. பிள்ளை தங்கும் என்று மாமியார் கோமதியம்மாளே வைப்பாள். பிள்ளை தங்கவில்லை. போன வருஷம் ஹேமந்துக்கு மனைவியாக மதிவதனி வந்தாள், வந்த சூட்டோடு வாந்தியும் எடுத்தாள், துண்டு தட்டு மாறியது. ஒரு மீன் துண்டுக்கா இவ்வளவு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ரத்னாவுக்கு வயிறு எரிந்தது. மதியின் முக மினுமினுப்பைப் பார்த்து எரிந்தது. இடுப்பில் கையூன்றி அவள் நடக்கிற நடையைப் பார்த்து எரிந்தது. "அக்கா" என்று அவள் ஆசையாகக் கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே எரிந்தது.

எரிச்சலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால் குட்டை மீனைச் சோதித்துப் பார்த்த கல்லூரிப் பெண் ஜாஸ்மின், கரையில் நின்ற ரத்னாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இந்த மீன யாரும் சாப்பிடாதீங்கக்கா, பாதரசம் இருக்கு. சின்ன மீன பெரிய மீன் தின்னுதில்ல, எல்லாம் பெரிய மீன் உடம்புலதான் சேருது. மாசமா இருக்கறவங்க தொடவே கூடாது. நேரா குழந்தையோட மூளைக்குப் போயிடும். நீங்க எத்தன வருஷமா சாப்பிடறீங்க?"

அதைச் சொல்லத்தான் ரத்னா வீட்டுக்கு ஓடி வந்தாள். அன்றைக்கு மதிக்கு வளைகாப்பு. ரத்னா ஒரு வளையலைக் கையிலெடுத்தபோது கோமதியம்மாள் அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நீ வேணாம்மா. உள்ள போயி சோத்தப் பாரு."

அத்தனை பேர் முன்னால். ரத்னா உள்ளே போனாள். வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றிலிருந்து வேண்டுதல் என்று சொல்லி, தான் மட்டும் மீனை விட்டாள்.

அரிவாள்மனையில் விராலை வைத்து அறுத்தாள். அது உதறவில்லை. சாம்பலில் சிவப்பு பரவியபோது மீன் ரத்தம் என்றே நினைத்தாள். பிறகுதான் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். ஆழமான வெட்டு. வலியில்லை.

குழம்பு கொதித்தது. புளியும் மிளகாய்த்தூளும் சேர்ந்து எழும்புகிற வாசனைக்குள் செப்புக்காசின் நாற்றம் ஒன்று இருந்தது. உப்புப் பார்த்தாள், தெரியவில்லை. நாக்குக்குமேல் யாரோ துணி போர்த்தியதைப் போலிருந்தது. கம்பெனிச் சங்கு எங்கோ தொலைவில் ஊதியது. தினமும் காதைப் பிளக்கும் சங்கு அது. அடுப்பைத் தவிர சுற்றிலும் இருட்டாகத் தெரிந்தது. மணி பன்னிரண்டரை.

விட்டாயிற்றே. ஐந்து வாரம் தொடவே இல்லையே.

ஆறு வருஷம்.

அவள் கணவன் சுப்பராயன் ஓ.டி. வேலை என்று ஒரகடம் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தான். மற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். கோமதியம்மாள் நடுத்துண்டை மதியின் தட்டில் வைத்தாள். மதி ரத்னாவின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, பாரேன். ஒதைக்கவே மாட்டேன்னுது. காலைலேர்ந்து இப்படியேதான் கீது."

உதை இல்லை. நடுக்கம். பொடிப்பொடியாக, நிற்காமல். தன் கைதான் நடுங்குகிறது என்று ரத்னா கையை எடுத்தாள்.

மதியின் நைட்டித் துணி நடுங்கிக்கொண்டிருந்தது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. வாயைத் திறந்தாள்.

"மீ... ம்... மீ..."

நாக்கு புரளவில்லை.

"பெரியம்மாக்காரிக்கு சந்தோஷத்துல பேச்சே வரல!" என்று ஹேமந்த் சிரித்தான்.

தட்டைத் தட்டிவிடப் பாய்ந்தாள். கை தட்டைத் தாண்டிப் போய் வெறுங்காற்றைப் பிடித்தது. கோமதியம்மாள் அவள் மணிக்கட்டை இறுக்கினாள்.

"புள்ளத்தாச்சி தட்டுல கை வெக்கிறியே. இன்னுமாடி உனக்குப் பொறாம போவல?"

"உடு அத்த. அக்கா ஆசப்படுது," என்றாள் மதி.

துண்டை இரண்டாகப் பிய்த்தாள். முள் நீக்கி, பாதியை ரத்னாவின் திறந்த வாயில் பிரியமாக ஊட்டினாள். உதட்டில் பட்டது தெரியவில்லை. இறங்கியதும் தெரியவில்லை. மீதியை மதி தன் வாயில் போட்டு ரசித்து மென்றாள்.

அவள் விழுங்க விழுங்க, வயிற்றின்மேல் அந்தத் துணி இன்னும் வேகமாக நடுங்கியது.