லைனில் இருக்கிறான் கொலைகாரன்!

"நம்பர் ப்ளீஸ்..."

"அம்மா... பெரியாஸ்பத்திரி குடும்மா! சீக்கிரம்!"

மூச்சிரைத்த குரல். காந்தி மார்க்கெட் மளிகைக் கடை ஒன்றின் லைன் அது.

ரோசரியின் விரல்கள் பழக்கதோஷத்தில் பிளக்கை எடுத்தன. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டர். யாரிடமும் எதையும் விசாரிக்கக் கூடாது என்பது சட்டம்.

அன்று ஏனோ கேட்டுவிட்டாள்.

"என்னங்க ஆச்சு?"

"குப்பை லாரி அடிச்சிருச்சும்மா! சைக்கிள்ல வந்தாரு... ரத்தமா கிடக்காரு! நம்ம பாலக்கரை கவுன்சிலர்... இருதயநாதன்!"

இருதயநாதன்...!

அவள் புருஷன்!

ரோசரி முதலில் ஆஸ்பத்திரிக்கு இணைப்பைக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் அலறினாள்.

அந்த அலறலுக்கு முன்பே, மார்க்கெட் தெருவில், இருதயநாதனின் உயிர் போயிருந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது.

அன்று மாலை நகரசபைக் கூட்டம். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் இருந்த குடிசைகளைக் காலி செய்து, அந்த இடத்தில் சினிமா தியேட்டர் கட்ட அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு. கொண்டுவந்தவர் சேர்மன் அழகிரி. எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவன் இருதயநாதன்.

காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே சிரித்தான் அவன்.

"இன்னிக்கு மீட்டிங்ல ஒரு வெடி வைக்கப் போறேன் ரோசரி. ஊரே வாயைப் பொளக்கும் பாரு!"

"என்ன வெடிங்க?"

"சாயங்காலம் வந்து சொல்றேன்."

சாயங்காலம் அவன் பெட்டிக்குள் இருந்தான்.

நகரசபையில் இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். கூட்டத்தை ஒத்திவைத்தார்கள். அடுத்த வாரம் கூடி, தியேட்டருக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்!

லாரி, குப்பை கான்ட்ராக்டர் பிச்சையுடையது. பிரேக் பிடிக்கவில்லை என்றான் டிரைவர். விபத்து என்று எழுதிக் கேஸை மூடினார்கள்.

ரோசரி மட்டும் மூடவில்லை.

ஏனென்றால்... அவள் காதில் ஒரு குரல் இருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒருவர் மட்டும் வீட்டில் இருந்தார். பாக்கியநாதன். எதிர்க்கட்சிக் கவுன்சிலர்களின் தலைவர். இருதயநாதனின் பால்ய சிநேகிதர். பெட்டியைத் தோளில் தூக்கியவர்.

"அண்ணே... இது விபத்து இல்லே."

"என்னம்மா சொல்றே?"

"அன்னிக்குக் காலையில ஒரு கால் வந்துச்சு. பிச்சையோட லாரி ஷெட்டைக் கேட்டாங்க. குடுத்தேன். லைன் சேர்ந்துச்சான்னு பார்க்க ஒரு நொடி காதை வெச்சேன். 'பிச்சை, அவன் சாயங்காலம் மீட்டிங்குக்கு வந்து சேரக் கூடாது'ன்னு ஒரு குரல். ஏதோ லாரி ஷெட் கூலிக்காரங்க மீட்டிங்னு நினைச்சு காதை எடுத்துட்டேன் அண்ணே... அது என் வீட்டுக்காரரைன்னு தெரியாம..."

அவளால் முடிக்க முடியவில்லை.

பாக்கியநாதன் எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அன்னிக்குக் காலையில நஜீமா டூட்டி இல்லே?"

"அவளுக்குக் காய்ச்சல். நான் மாத்திக்கிட்டேன்."

"குரல் யாருன்னு தெரிஞ்சுதா?"

"அடித் தொண்டையில பேசினான். ஆனா லைன் தெரியும். முனிசிபல் ஆபீஸ்... சேர்மன் ரூம் போன்!"

பாக்கியநாதன் நீளமாக மூச்சு விட்டார்.

"அழகிரி! இருக்கும். அந்த ஆளு எதையும் செய்வான். ஆனா போலீசுக்குப் போகாதே தங்கச்சி. ஒட்டுக் கேட்டேன்னு முதல்ல உன் வேலையைத்தான் புடுங்குவாங்க. கோர்ட்டும் நம்பாது. என்கிட்ட விடு. அவனை நாற்காலியிலேர்ந்து இழுத்துக் கீழே போடறேன்!"

"போடுங்க அண்ணே. அவன் தெருவுல நிக்கணும். நான் பார்க்கணும்."

ஆரம்பித்தது வேட்டை.

பொன்மலை ரயில்வே காலனி, உறையூர், மலைக்கோட்டை வாசல்... எங்கே கூட்டம் என்றாலும் மேடையில் வெள்ளைச் சேலையில் ரோசரி. அவள் பேச மாட்டாள். நிற்பாள். பாக்கியநாதன் பேசுவார்.

"இந்தத் தாயோட கண்ணீருக்கு சேர்மன் பதில் சொல்லட்டும்!"

ஜனம் கொதித்தது. அழகிரியின் வீட்டுச் சுவரில் சாணி அடித்தார்கள். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே தெருவில் அவரைப் பார்த்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் அழகிரியே அவள் வாசலுக்கு வந்துவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, நான் பண்ணலை. சத்தியமா பண்ணலை. அன்னிக்குக் காலையில நான் சமயபுரத்துல இருந்தேன். பேத்திக்கு முடி இறக்கினோம்."

"ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொல்லாதீங்க சேர்மன் ஐயா! போங்க!"

கதவை அவர் முகத்தில் அறைந்தாள். உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஜெயித்தது. அழகிரி விழுந்தார். பாக்கியநாதன் சேர்மன் ஆனார்!

கழுத்து நிறைய மாலையோடு வந்து ரோசரியின் முன்னால் நின்றார்.

"சொன்னதைச் செஞ்சுட்டேன் தங்கச்சி. உன் பழி தீர்ந்துச்சா?"

"தீர்ந்துச்சு அண்ணே."

அப்படித்தான் நினைத்தாள்...

அந்தப் புதன்கிழமை வரை.

"நம்பர் ப்ளீஸ்..."

"மெட்ராஸுக்கு ஒரு டிரங்க் கால் வேணும்மா. ஸ்ரீரங்கத்துலேர்ந்து பேசறேன். அழகிரி."

ரோசரியின் பென்சில் நின்றது.

கீச்சென்ற குரல்! டெலிபோன் கம்பியில் ஏறியதும் தகரத்தைச் சுரண்டுவது போல ஒலித்தது. பதவியில் இருந்தவரை அவருக்காக நம்பர் கேட்டவர் பி.ஏ. இன்று பி.ஏ. இல்லை. அவரே கேட்கிறார். அவர் குரலைப் போனில் அவள் கேட்பது இதுதான் முதல் தடவை.

அன்று கேட்ட குரல்... கனமானது. ஈரத் துணியில் சுற்றின கல் மாதிரி.

இது இல்லை!

சேசுவே... இது இல்லவே இல்லை!

"சேர்மன் ஐயா... நான்... ரோசரி பேசறேன்."

மறுமுனையில் ஒரு கசந்த சிரிப்பு.

"இனிமே என்னம்மா மிச்சமிருக்கு என்கிட்ட?"

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு நீங்க சமயபுரம் போயிருந்தப்போ, உங்க ரூம்ல யார் இருந்தா?"

"ஏன் கேக்கறே?"

"சொல்லுங்க ஐயா!"

"மார்க்கெட் கமிட்டி கூடினாங்க. அவங்களுக்கு வேற இடம் இல்லைன்னு நான்தான் ரூமைக் குடுத்துட்டுப் போனேன். கமிட்டித் தலைவர் காலையிலேயே வந்துட்டாராம், பியூன் சொன்னான்."

"யார் தலைவர்?"

"வேற யாரு? உன் அண்ணன் பாக்கியநாதன்தான்!"

ரோசரிக்கு எக்ஸ்சேஞ்சு முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அன்னிக்குக் காலையில நஜீமா டூட்டி இல்லே...?

அவருக்கு எப்படித் தெரியும்? எந்த ஆபரேட்டர் எந்த நேரத்தில் உட்காருவாள் என்று ஒரு கவுன்சிலருக்கு என்ன அக்கறை? விசாரித்து வைத்திருக்கிறார்! ரோசரி இல்லாத நேரம் பார்த்துப் போன் செய்திருக்கிறார்!

இருதயநாதன் வைக்கப்போன வெடி, அழகிரிக்கு இல்லை.

சிநேகிதனுக்கு!

அவளுக்கு அழுகை வரவில்லை. அந்த ஆளோடு மேடை மேடையாக ஏறியிருக்கிறாள். தன் வெள்ளைச் சேலையை அவன் கொடியாக்கிக்கொண்டான்!

"ஐயா... என்னை மன்னிச்சிருங்க."

"மன்னிக்கறதெல்லாம் இருக்கட்டும். என்னம்மா பண்ணப் போறே?"

"இந்தத் தடவை சரியான ஆளைப் பண்ணப் போறேன்."

மறுநாளே முனிசிபல் ஆபீசுக்குப் போனாள். புது நாற்காலியில் சாய்ந்திருந்தார் பாக்கியநாதன்.

"வா தங்கச்சி! என்ன இவ்வளவு தூரம்?"

"வேளாங்கண்ணிக்குப் போறேன் அண்ணே. நாளைக்குக் காலையில கிளம்பறேன். ஒரு வாரம் லீவு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"போயிட்டு வா. மாதா உனக்கு மனசமாதானம் குடுப்பா."

எழுந்தவள், வாசலில் திரும்பினாள்.

"ஒரு சேதி கேள்விப்பட்டேன் அண்ணே. அந்தப் பிச்சை குடிச்சுட்டு மார்க்கெட்ல உளர்றானாம். போலீசுல அப்ரூவரா ஆகப் போறேன்னு. 'என்னை ஏவினவன் பெரிய ஆளு, பேரைச் சொன்னா ஊரே நடுங்கும்'னு."

பாக்கியநாதனின் கையில் இருந்த பேனா உருண்டு தரையில் விழுந்தது.

"யா... யார் பேரைச் சொல்றானாம்?"

"அழகிரியைத்தான் சொல்வான். வேற யாரு அண்ணே?"

வெகு பவ்யமாகச் சிரித்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை.

ரோசரி வேளாங்கண்ணிக்குப் போகவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் நஜீமா. விஷயம் முழுவதையும் அவளிடம் சொல்லியிருந்தாள்.

"மாட்டினா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும் ரோசரி."

"உனக்குப் போகாது. நீ நம்பர் மட்டும் கேளு. மத்ததெல்லாம் என் கை."

சேர்மன் ரூம் விளக்கு மினுக்கியது!

"நம்பர் ப்ளீஸ்..." என்றாள் நஜீமா.

"இன்ஸ்பெக்டர் ஹபீபுல்லாவைக் குடும்மா."

ரோசரி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அதே குரல்! நேரில் எத்தனையோ தடவை கேட்ட குரல்தான். ஆனால் கம்பியில் ஏறியதும் கனத்துப்போய்... ஈரத் துணியில் சுற்றின கல்!

ஒரு பிளக் இன்ஸ்பெக்டருக்குப் போனது.

இன்னொரு பிளக்... லாரி ஷெட்டுக்கு!

"பிச்சை! உங்களைப் பத்தித்தான் பேசறாங்க. வாயைத் தொறக்காம கேளுங்க!" என்று கிசுகிசுத்தாள் ரோசரி. எல்லா லைனையும் ஒன்றாகச் சேர்த்தாள்.

"இன்ஸ்பெக்டர்? சேர்மன் பாக்கியநாதன் பேசறேன். இருதயநாதன் விஷயமா. அது கொலை. பண்ணினவன் பிச்சை. என்கிட்ட ஆதாரம் இருக்கு."

"அப்படிங்களா சார்?" ஹபீபுல்லாவின் குரல் நிமிர்ந்தது. "ஏன் பண்ணினான்?"

"அழகிரிக்காகத்தான். உடனே போய்ப் புடிங்க. ஆள் முரடன். தப்பிச்சு ஓடுவான். ஓடினா தயங்காதீங்க... சுட்டுத் தள்ளுங்க. நான் பாத்துக்கறேன்."

"யாரைச் சுடச் சொல்றே பாக்கியம்?"

லைனில் புதுக் குரல்! கரகரத்த, கள்ளும் கோபமும் ஏறிய குரல்!

"பி... பிச்சை?"

"பிச்சையேதான்! அடப்பாவி! கட்டப்போற தியேட்டர்ல பாதிப் பங்கு உனக்கு, தூக்குக் கயிறு முழுசும் எனக்கா? பங்கு விஷயம் இருதயநாதனுக்குத் தெரிஞ்சு போச்சு, மீட்டிங்ல சொல்லிட்டா நான் தொலைஞ்சேன்னு அழுதது யாரு? லாரியை விட்டு ஏத்துடான்னு இதே போன்ல சொன்னது யாரு?"

"இன்ஸ்பெக்டர்! நம்பாதீங்க! இது ஏதோ லைன் கோளாறு! ஆபரேட்டர்! ஏ ஆபரேட்டர்! கட் பண்ணு! லைனைக் கட் பண்ணு!"

"லைன்லதான் இருக்கேன் அண்ணே," என்றாள் ரோசரி.

மறுமுனையில் ரிசீவர் எதன் மீதோ மோதும் சத்தம் கேட்டது.

"மிஸ்டர் பிச்சை..." ஹபீபுல்லா மிக நிதானமாகப் பேசினார். "ஷெட்லயே இருங்க. ஓடாதீங்க. உங்களைச் சுடறதா உத்தேசம் இல்லே. ஜீப்பு அனுப்பறேன். சேர்மன் சார், நீங்களும் அங்கேயே இருங்க. உங்களுக்கு நானே வரேன்."

பிச்சை நிஜமாகவே அப்ரூவர் ஆனான். தியேட்டரில் யார் யாருக்கு என்ன பங்கு என்பதை அவன் கக்கினான். அன்று சேர்மன் ரூமிலிருந்து பாக்கியநாதன் பேசியதை வாசலில் நின்ற பியூனும் சொன்னான். தியேட்டர் அனுமதி ரத்தாயிற்று. வாய்க்கால் கரைக் குடிசைகள் அங்கேயே இருந்தன. பாக்கியநாதனுக்கு ஆயுள் தண்டனை.

ரோசரிக்கும் தண்டனை கிடைத்தது. ஒட்டுக் கேட்டதற்காகவும், லைனைக் கலந்ததற்காகவும் டிபார்ட்மெண்ட் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

தீர்ப்பு நாளன்று கோர்ட் வராந்தாவில் விலங்கோடு வந்த பாக்கியநாதன் அவளைப் பார்த்து நின்றார். உதடு கோணியது.

"சந்தோஷம்தானே? ஆனா உன் வேலையும் போச்சில்லே? இனிமே சோத்துக்கு என்ன பண்ணுவே?"

ரோசரி பதில் சொல்வதற்குள், பின்னால் நின்ற ஒருவர் கீச்சுக் குரலில் செருமினார்.

அழகிரி! கையில் கதம்ப மாலை.

"தெரியாதா பாக்கியநாதன்? உங்க வார்டு காலியாயிருக்கு. அடுத்த மாசம் எலெக்‌ஷன். அம்மாதான் நிக்கறாங்க. முன்மொழிஞ்சிருக்கறது நான்!"

பாக்கியநாதனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "என்... என் வார்டுலயா?"

"ஆமா அண்ணே," என்றாள் ரோசரி. "வீடு வீடாப் போய்க் கேட்டுட்டேன். உங்க ஓட்டு ஒண்ணுதான் கிடைக்காது போலிருக்கு. கைதிக்கு ஓட்டு இல்லையாமே... பரவாயில்லே, சமாளிச்சுக்கறேன்!"