எண்பது குறைகிறது

இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். விண்ணிலிருந்து வரும் துகள்களைப் பிடிக்கும் ஒரே கருவியின் துடிப்பைத்தான் இரண்டு இடங்களில் எண்ணுகிறார்கள். மின்னணுப் பெட்டியின் முகப்பில் சிவப்பு எண்களாக ஒன்று, கணினித் திரையில் இன்னொன்று. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பத்து நிமிடம். காலையிலிருந்து ஒவ்வொரு முறையும் கணினி எண்பது குறைவாகக் காட்டியது.

ஆய்வுக்கூடத்தில் அவள் டெக்னீஷியன். நான்கு நாளாக இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து விழித்திருந்துவிட்டு, பகலில் இந்த ஜன்னலில்லாத அடித்தள அறைக்கு வந்து, மின்விசிறிகளின் ஓயாத இரைச்சலுக்கும் சூடேறிய பிளாஸ்டிக் வாசத்துக்கும் நடுவே கண்ணெரிச்சலோடு எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேபிளை மாற்றினாள். இணைப்புகளைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். கணினியை அணைத்துப் போட்டாள். எண்பது. எழுபத்தொன்பது. எண்பத்தொன்று. மறுபடி எண்பது. பழுது என்றால் கண்டபடி இருக்கும். இது யாரோ அளந்து எடுப்பதுபோல இருந்தது.

மாலை நான்கு மணிக்கு அக்கா போன் செய்தாள்.

"ஆறு மணிக்கு வந்துருவியா? எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

"இதை முடிச்சுக் கொடுத்தாத்தான் லீவு கிடைக்கும்க்கா. வந்துர்றேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னே."

அதை வைத்ததும் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள். அவர் கை வைத்த இடமெல்லாம் ஒருமுறையாவது இருட்டாகும் என்பதால் கட்டடம் முழுக்க அவருக்கு ஃபியூஸ் என்றுதான் பெயர்.

"அண்ணே, நான் இல்லாதப்ப இங்க ஏதாவது மாத்தினீங்களா?"

"போன வாரம் கதவுல ஒரு சுவிட்ச் வச்சேன்மா. கதவு திறந்தா வெளி வெளிச்சம் உள்ள வந்து கணக்கு தப்பாகுதாம். அதனால திறந்திருக்குற வரைக்கும் கம்ப்யூட்டர் எண்ணாது. பெட்டி பாட்டுக்கு எண்ணும். உங்கிட்ட சொல்லலியா?"

"யாரும் சொல்லல. எவ்வளவு நேரம் எண்ணாம விட்டுப்போகும்?"

"திறந்தா தானா மூட நாலு செகண்ட் ஆகும். அந்த ஸ்பிரிங்கையும் நான்தான் வச்சேன்."

விநாடிக்கு இருபது துடிப்பு. நாலு விநாடிக்கு எண்பது.

கணக்குச் சரியாக வந்ததில் ஒரு கணம் மனசு லேசானது. அப்புறம்தான் உறைத்தது.

"ஓட்டம் நடக்கும்போது கதவை யாருமே திறக்கலியே. நான் இங்கயேதான இருக்கேன்."

"சுவிட்ச் கெட்டிருந்தா விட்டு விட்டு வரும்மா. ஒரே மாதிரி நாலு செகண்ட்னா யாரோ திறக்குறாங்க. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு."

காலையிலிருந்து பத்தொன்பது ஓட்டங்கள். ஒவ்வொன்றிலும் கதவு ஒரே ஒருமுறை திறந்திருக்கிறது. யாரோ ஒரு ஓட்டத்தில் வந்து அடுத்ததில் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், பத்தொன்பது ஒற்றைப்படை. ஒரு ஆள் உள்ளே மிச்சம்.

தூக்கமில்லாத மூளை இப்படித்தான் கண்டதையும் கணக்குப் போடும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கடைசியாக ஒரு ஓட்டம் பார்த்துவிட்டால் அறிக்கையை எழுதிக் கிளம்பிவிடலாம். கதவை உள்பக்கம் தாழிட்டாள். இழுத்துப் பார்த்தாள். மேசைக்கு வந்து, கதவும் இரண்டு எண்களும் ஒரே பார்வையில் படும்படி உட்கார்ந்து இருபதாவது ஓட்டத்தைத் தொடங்கினாள்.

ஐந்து நிமிடம் வரை இரண்டும் ஜோடியாக ஓடின. கண் சொக்கியது. நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆறாவது நிமிடத்தில் ஃபினாயில் வாசம் வந்தது. வெளியே நடைகூடத்தைத் துடைப்பது ஃபினாயிலில்தான். கதவைத் திறந்தால் மட்டுமே அது உள்ளே வரும்.

கதவு மூடியிருந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

கணினியின் எண் நின்றிருந்தது.

சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விநாடி. இரண்டு. மூன்று. நான்கு.

கணினி எண்ணவில்லை.

பத்து விநாடி. இருபது. யாரோ கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் வருகிறவர்களுக்காக.

எழுந்து ஓட வேண்டும். ஆனால் ஓட வேண்டியது அந்தக் கதவு வழியாகத்தான். போன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. கை நீளவில்லை.

நாற்பது விநாடி. கணினியின் எண் மெல்ல நகரத் தொடங்கியது.

கதவு மூடிவிட்டது.

விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம். புஸ்ஸென்று, நீளமாக, காற்று இறங்குவதுபோல. மேசையின் எதிர்முனையில் இருந்த சுழல்நாற்காலியின் இருக்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து நின்றது. பிறகு அதற்கடுத்தது. பிறகு இடப்பக்கம் ஒன்று. பிறகு வலப்பக்கம். மெத்தைகளில் அகலமான பள்ளங்கள்.

மேசையைச் சுற்றி மொத்தம் ஐந்து நாற்காலிகள். நான்கு நிறைந்துவிட்டன.



புஸ்ஸென்ற சத்தம் மறுபடி கேட்டது. இம்முறை அவளுக்கு அடியிலிருந்து. மடியில் ஈரக்குளிராக ஒரு கனம் அமர, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி மெதுவாகக் கீழே இறங்கியது.