பந்தல் இல்லாத வீடு

பந்தல்காரர் இரண்டாவது மூங்கிலை நட்டுத் தெருவுக்குக் குறுக்கே துணியை விரித்தார். எதிர்வீட்டுச் சுவரில் நிழல் விழுந்ததும் தெருமுனையில் நிழல்மானி சிவந்தது. வீட்டுக்குள் ஐஸ்பெட்டியின் இரைச்சல் நின்றது.

"பிரிங்கய்யா, சீக்கிரம் பிரிங்க!" எதிர்வீட்டுத் தில்லைநாயகம் ஓடிவந்தார். துணி இறங்கியது. பெட்டி மறுபடி இரைந்தது.

பெட்டிக்குள் செண்பகவல்லியின் கணவர் ஆவுடையப்பன். கைப்பந்துப் பயிற்சியாளர். மகன் ஷில்லாங்கிலிருந்து வந்து சேரும்வரை அவருக்குக் குளிர் வேண்டும்.

கதிர்ப்பூச்சு வந்த புதிதில் அதை யாரும் வாங்கவில்லை. கூரையிலும் சுவரிலும் அடித்தால் வெயிலை மின்சாரமாக்கும் சாயம் அது. பக்கத்து வீட்டுக்காரன் நாளை மாடி எழுப்பி வெயிலை மறைத்தால் என்ன செய்வது என்று பயந்தார்கள். அரசு ஒளியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் பூச்சின்மேல் இன்னொருவர் புதிதாக நிழல் விழச் செய்யக்கூடாது. மீறினால், நிழல் விலகும்வரை மீறியவர் வீட்டுக்கு மின்சாரம் கிடையாது. சில ஆண்டுகளில் கோவில்பட்டியில் பூசாத சுவரே இல்லை.

விதிகளை எழுதியவள் செண்பகவல்லி. "சாவு வீட்டுப் பந்தலுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாமே மேடம்?" என்று அப்போது உதவியாளர் கேட்டார்.

"ஒண்ணுக்குக் கொடுத்தா எல்லாத்துக்கும் கேப்பாங்க."

எதிர்வீட்டார் சம்மதித்தால் போதும் என்ற வரியையும் அடித்தாள். சம்மதத்தை மிரட்டி வாங்குவார்கள். அவள் நினைத்ததில் தவறில்லை.

பழைய ஆட்டக்காரர்கள் மாலைகளோடு வந்தார்கள். உள்ளே இடமில்லை. தெருவில் நாற்காலி சுட்டது.

"மத்தியான வெயில்ல நம்மள ஓட விட்டுட்டு மாஸ்டர் மட்டும் தொப்பி போட்டுக்கிடுவாரு," என்றான் ஒருவன். "இன்னைக்கும் பாரு, அவரு மட்டும் குளுகுளுன்னு."

சிரித்தார்கள். ஒருவன் சிரித்தபடியே அழுதான்.

வீட்டின் சொந்த நிழல் சுவரோரம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. முதுகைச் சுவரில் ஒட்டி நின்றார்கள். பிறகு அதுவும் போனது. வயதான ஒருவர் மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள்.

தில்லைநாயகம் உள்ளே வந்தார். "மேடம், செவரு என்னோடது. எனக்குச் சம்மதம்."

"செல்லாதுங்க."

"தெரியும். இருந்தாலும் எதிர்வீட்டுக்காரன் ஒரு வார்த்த சொல்லணும்ல." வாசல்பக்கம் திரும்பினார். "எங்கம்மா செத்தப்ப நீங்க சொல்லல."

அவள் பெட்டியைப் பார்த்தாள். பந்தல் போடச் சொன்னால் ஆட்கள் இருப்பார்கள். மகன் பார்க்க முகம் இருக்காது.

"வேண்டாம்," என்றாள்.

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது.

மகன் வந்தபோது வெயில் இறங்கவில்லை. கண்ணாடிமேல் கையை வைத்து அப்பாவை வெகுநேரம் பார்த்தான். முகம் வாடாமல் இருந்தது. பிறகு வாசலைப் பார்த்தான். தில்லைநாயகம் காலி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு யாருமே வரலையாம்மா?"

"வந்தாங்கப்பா," என்றாள்.