டமாரம் அடங்கிய நாள்

இன்னும் விடியவில்லை. தெரு முழுக்கப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தது. ஒரே ஒரு வீட்டுக்காரர்கள் மட்டும் தங்கள் காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கார் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நன்றாகவே ஓடும். அதுதான் தொல்லை. ஓட ஆரம்பித்தால் ‘டப டப டப டம்’ என்று ஊரைக் கூட்டிவிடும். தெருப் பிள்ளைகள் அதற்கு டமாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“மெதுவா, மெதுவா. செருப்பு சத்தம் கேக்குது,” என்று கிசுகிசுத்தார் அப்பா. ஜன்னல் வழியாக ஒரு கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே அவரும் தள்ளினார்.

“உங்க வண்டி போடுற சத்தத்துக்கு முன்னாடி என் செருப்பெல்லாம் எந்த மூலைக்கு?” என்றாள் அம்மா.

பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டிருந்த முந்திரிக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவளுடைய உண்மைப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் தெரியும். பெரியவர்கள் பேசும்போது முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் புகுந்துவிடுவாள் என்பதால் வீட்டில் முந்திரி.

தெருமுனை வந்தது. அப்பா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

டப டப டப டம்!

நாய்கள் குரைத்தன. கார் திரும்பி மறைந்தது. அதற்குள் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. “ங்ஙா!” என்று பாப்பா வீறிட்டது.

முந்திரியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

பக்கத்து வீட்டு அக்கா முன்பெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து முந்திரிக்கு விடுகதை போடுவாள். விடை சொல்லும் முன்பே அவளே சிரித்துவிடுவாள். பாப்பா பிறந்த பிறகு விடுகதையும் இல்லை, சிரிப்பும் இல்லை. இரவெல்லாம் அழுகிற பாப்பா விடியும் நேரத்தில்தான் கண்ணை மூடுமாம். சரியாக அந்த நேரத்தில்தான் டமாரம் கிளம்பும். அப்பா நாளிதழ்க் கட்டுகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிறவர். விடிந்த பிறகு போனால் யாருக்கு வேண்டும்?

நேற்று அக்கா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் செடியில் விழவில்லை, அவள் காலிலேயே விழுந்துகொண்டிருந்தது. நின்றபடியே தூங்கிவிட்டாள்!

“எங்க கார்னாலதானே அக்கா?” என்று முந்திரி கேட்டாள்.

“அப்பா வேலைக்குப் போகணும்ல கண்ணு,” என்றாள் அக்கா.

திட்டியிருந்தால்கூட முந்திரிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கே அப்பா காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் அடியில் ஒருமுறை எட்டிப் பார்த்தார். “சைலன்சர் ஓட்டை. பின்னாடிக் குழாய் மொத்தமும் மாத்தணும்,” என்று ஒரு தொகையைச் சொன்னார். அதைக் கேட்டு அப்பாவுக்கு விக்கல் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் நின்றது.

“நாமளே மாத்திடலாம் அத்தான்!” என்றார் மாமா. அம்மாவின் தம்பியான அவர், எதையும் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தால் போதும், கரைத்துக் குடித்துவிட்டதாக நினைப்பவர். ஆனால் நல்ல மனசு. பழைய இரும்புக் கடைகளில் அலைந்து திரிந்து, இதே மாதிரி கார் ஒன்றிலிருந்து கழற்றிய குழாயையும் சைலன்சரையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். துருகூட இல்லை.

விடுமுறை நாளில் வேலை ஆரம்பமானது. வாசலில் காரின் பின்புறத்தை ஜாக்கி வைத்து உயர்த்தினார்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது என்று இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கிகளையும் நிறுத்தினார் அப்பா.

“முந்திரி, நீ இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். தலையே போனாலும் தாண்டக் கூடாது,” என்று தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

“தலை போனா எப்படிப்பா தாண்டுறது?”

“பாத்தியா, ஆரம்பிச்சிட்டா!” என்றார் மாமா.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தார்கள். முக்கி முனகி, முகமெல்லாம் கரியாகி, ஒரு வழியாகப் பழைய சைலன்சரைக் கழற்றினார்கள். அதன் வயிற்றில் முந்திரியின் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது.

புதிதாக வந்த பழைய குழாயை மாட்டினார்கள். குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்புகளில் என்ஜின் பக்கத்தில் இருந்ததை முதலில் இறுக்கினார் அப்பா. “அசையுதா பாரு மாப்ளே?”

“மலை மாதிரி நிக்குது அத்தான்!”

அடுத்து நடுக் கிளாம்ப்பையும் இறுக்கினார்கள். கடைசியில், சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையம் வந்தது. வளையம் ஓரிடத்தில் இருந்தது. கொக்கி வேறு இடத்தில் இருந்தது. இருவரும் பல்லைக் கடித்து இழுத்து எப்படியோ மாட்டினார்கள்.

சாவியைத் திருகினார் அப்பா. டப டப இல்லை! மாமா கை தட்டப் போனார்.

கட கட கட கட கட!

தலைவலி போய்த் திருகுவலி வந்தது. குழாய் கோணிக்கொண்டு காரின் அடித்தகட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியதுபோல ஒரு சத்தம். பக்கத்து வீட்டில் பாப்பா வீறிட்டது. அக்கா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். சோர்வாகப் புன்னகைத்தாள்.

முந்திரிக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம்போல இருந்தது.

எல்லாவற்றையும் கழற்றினார்கள். இந்த முறை பின்னாலிருந்து இறுக்கிக்கொண்டு போனார்கள். இப்போது முன்பக்கம் பொருந்தவில்லை. இணைப்பிலிருந்து ‘புஸ் புஸ்’ என்று புகை கசிந்தது.

“குழாயே கோணல் அத்தான். கடைக்காரன் ஏமாத்திட்டான்,” என்றார் மாமா.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்,” என்று ஜன்னல் வழியாக அம்மாவின் குரல் வந்தது.

“நீ சும்மா இரு அக்கா!” என்றார் மாமா.

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. “நாளைக்குக் காலையில பேப்பர் போடணும். இனிமே நம்மால முடியாது மாப்ளே. பழைய ஓட்டையையே திரும்ப மாட்டிட வேண்டியதுதான்,” என்றார்.

பழைய ஓட்டையா? மறுபடியும் டமாரமா? முந்திரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அம்மா தையல் இயந்திரத்தின் முன் இருந்தாள். பள்ளிச் சீருடைகள் தைக்கும் வேலை மலைபோலக் குவிந்து கிடந்தது. “நல்ல வேளை வந்தே. இந்த வெள்ளை நூலை எல்லாம் உருவிடு,” என்று ஒரு சட்டையை நீட்டினாள்.

அது முந்திரியின் தினசரி வேலை. சட்டைக்குக் கை வைக்கும்போது அம்மா நேராக இயந்திரத்தில் கொடுக்க மாட்டாள். முதலில் வெள்ளை நூலால் பெரிய பெரிய தையலாகச் சுற்றிலும் தொளதொளவென்று ஓட்டி வைப்பாள். எல்லாப் பக்கமும் சரியாக உட்கார்ந்த பிறகுதான் அழுத்தித் தைப்பாள். கடைசியில் வெள்ளை நூலை முந்திரி உருவி எடுப்பாள்.

ஒருமுறை முந்திரி அவசரப்பட்டுப் பொம்மைச் சட்டைக்கு ஒரு பக்கத்திலிருந்தே அழுத்தித் தைத்துக்கொண்டு போனாள். மறுபக்கம் வரும்போது துணி சுருங்கிக் கோணி, பொம்மையின் கை முதுகுக்குப் போய்விட்டது.

நூலை உருவிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

“அம்மா! இன்னும் அழுத்தித் தைக்காத சட்டை ஒண்ணு குடு!”

முந்திரி வெளியே ஓடினாள். சாக்பீஸ் கோட்டில் சரியாக நின்றாள்.

“அப்பா, நீங்க ஒரு பக்கத்தை இறுக்கிட்டு மறுபக்கத்தை இழுக்குறீங்க. அதான் கோணுது.”

“முந்திரிக்கொட்டை மாதிரி நடுவுல வராதே,” என்றார் மாமா. “இது இரும்பு வேலை. துணி இல்லை.”

“துணிக்கே அப்படின்னா இரும்புக்கு எப்படி மாமா? துணியாவது கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும்!”

முந்திரி சட்டையை அப்பாவிடம் நீட்டினாள். “இதை இழுத்துப் பாருங்க. தொளதொளன்னு இருக்குல்ல? அம்மா முதல்ல சுத்தி முழுக்க இப்படித்தான் ஓட்டுவாங்க. எல்லாம் சரியா உக்காந்தப்புறம்தான் இறுக்குவாங்க.”

அப்பா கரிக்கைகளைத் துடைத்துக்கொண்டு சட்டையை வாங்கினார். தோளருகே இழுத்தார். சட்டையின் கை நகர்ந்து கொடுத்தது. விட்டதும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் சட்டையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மறுபடியும் சட்டையைப் பார்த்தார்.

“மாப்ளே, எழுந்திரு,” என்றார்.

இந்த முறை எதையும் இறுக்கவில்லை. முதலில் சைலன்சரை ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டார்கள். கிளாம்ப்புகளைக் கழன்று விழாத அளவுக்கு மட்டும் திருகினார்கள். குழாய் ஊஞ்சல் மாதிரி ஆடியது.

முந்திரி கோட்டுக்கு அந்தப் பக்கம் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். “இடது பக்கம் இடிக்குது. கொஞ்சம் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். ஐயோ மாமா, அது வலது!”

“படுத்துக்கிட்டுப் பாத்தா எல்லாம் இடம் மாறுது!” என்று அடியிலிருந்து மாமா புலம்பினார்.

“இப்ப சரி! சுத்தி எங்கயும் படலை!”

முன்னால் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினார் அப்பா. ஒவ்வொரு முறையும் முந்திரி டார்ச் அடித்து, “படலை,” என்றாள். காரைக் கீழே இறக்கினார்கள். அம்மாவும் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வாசலுக்கு வந்துவிட்டாள்.

அப்பா சாவியைத் திருகினார். ஒன்றும் கேட்கவில்லை.

“ஸ்டார்ட் ஆகலையே,” என்று மறுபடியும் திருகினார்.

கிர்ர்ரீச்!

“நிறுத்துங்க! அது ஏற்கெனவே ஓடிக்கிட்டுத்தான் இருக்கு!” என்று கத்தினாள் அம்மா.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். பாப்பா அழவில்லை. கார் மட்டும் ‘ம்ம்ம்’ என்று தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல முனகிக்கொண்டிருந்தது. அப்பா இறங்கி வந்து முந்திரியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அவள் சட்டை முழுக்கக் கரியாகிவிட்டது. அம்மாகூடத் திட்டவில்லை.

மறுநாள் விடியற்காலை, வழக்கம்போல அம்மா, முந்திரி, இரவு அங்கேயே தங்கிவிட்ட மாமா மூவரும் தூக்கக் கலக்கத்தில் காரின் பின்னால் கை வைத்துக் குனிந்து நின்றார்கள். ‘ம்ம்ம்’ என்றது கார். கிளம்பிப் போயே போய்விட்டது. மூன்று பேரும் காற்றைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

“நம்மள மாதிரி பழக்க தோஷம் பிடிச்சவங்க உண்டா?” என்று மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முந்திரி பக்கத்து வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு எரியவில்லை. அவள் நெஞ்சிலிருந்து பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. பல நாளாக உள்ளேயே உட்கார்ந்திருந்த மூச்சு அது.

வெயில் நன்றாக ஏறிய பிறகு யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். முந்திரி திறந்தாள்.

பக்கத்து வீட்டு அக்காதான். தலை கலைந்திருந்தது. கன்னத்தில் தலையணையின் தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. இடுப்பில் பாப்பா கொட்டாவி விட்டது.

“முந்திரி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? இன்னைக்கு வண்டியே போகலையே!” என்று பதறினாள் அக்கா.

“போனாங்களே அக்கா.”

“பொய் சொல்லாதே. எனக்குக் கேக்கவே இல்லையே! சரி, போனாங்கன்னா எப்ப வருவாங்க?”

முந்திரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“வந்துட்டாங்க அக்கா. உங்களுக்குப் பின்னாடிதான் வண்டியை நிறுத்திட்டு இறங்குறாங்க.”

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். காரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு தலையணைத் தடம் பதிந்த கன்னம் குழிய, விடுகதைக்கு விடை தெரிந்துவிட்டதுபோலச் சிரித்தாள்.