பத்து ஆம்பியர் பழி

போன் அலறியது.

மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவள், செம்புக் கம்பியைப் பல்லில் கடித்தபடியே எடுத்தாள்.

"அண்ணி...! தையல் கடை எரியுது அண்ணி... அவ உள்ள மாட்டிக்கிட்டா...!"

தங்கையின் கணவன்!

கம்பி வாயிலிருந்து நழுவியது.

அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கடையும் இல்லை... தங்கையும் இல்லை. வாசலுக்கு மேலே ஓடிய வயர் தீப்பிடித்து, துணி மூட்டைகளின் மேல் விழுந்திருந்தது. அந்தக் கடைக்கு அந்த ஒரே வாசல்தான்!

ஒன்பது நாட்களாக அவள் அழவில்லை. ஒரே குரல்தான் காதைக் குடைந்துகொண்டிருந்தது. தீப்பிடித்ததற்கு முந்தின நாள் தங்கை பேசியது.

"அக்கா, இஸ்திரிப் பெட்டி ரெண்டு நாளா பேய் மாதிரி சுடுது. பிளக்கைத் தொடவே முடியல."

"ஞாயித்துக்கெழமை வந்து பாக்கறேன்டி."

"அப்புறம்... அவருக்கு வெளியில ஒருத்தி இருக்கா. பிரிஞ்சிடப் போறேன்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன்க்கா."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தங்கைதான் இல்லை.

பத்தாம் நாள் காலை. அவளுடைய காயில் சுற்றும் கடை.

இன்ஸ்பெக்டர் பாலிதீன் பையிலிருந்து கருகிய இஸ்திரிப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். வாசலில் ஒரு கான்ஸ்டபிள். எதிரே தங்கையின் கணவன். துணிக்கடை சேல்ஸ்மேன். மழமழவென்று ஷேவ் செய்த முகம். பத்தே நாளில் எப்படித்தான் முடிகிறதோ!

அவள் கை செம்புக் கம்பியை முறுக்கியது. அவன் கழுத்துக்கு இரண்டு சுற்று போதும்...

வேண்டாம். நொடியில் செத்தால் அது தண்டனையா?

"இஸ்திரிப் பெட்டிக் கோளாறு, விபத்துன்னு ஃபைலை மூடப்போறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க ஒருதரம் சோதிச்சுப் பாக்கணும்னு கேட்டீங்க. பாருங்க."

"மாப்பிள்ளை, இந்தப் பெட்டியை யாராவது பிரிச்சாங்களா?"

"எனக்கென்ன தெரியும் அண்ணி? கரண்ட்டுனாலே பயம். பல்பு கூட மாட்டத் தெரியாது."

"பெட்டியில போட்டிருக்கறது ஆயிரத்து நூத்தி அம்பது வாட், சார். இருநூத்து முப்பது வோல்ட்டுல அஞ்சு ஆம்பியர் இழுக்கும். அவ கடை வயரும் அஞ்சு ஆம்பியர்தான் தாங்கும்."

"கொஞ்சம் புரியிற மாதிரி சொல்லுங்கம்மா. ஸ்கூல்ல இந்தக் கணக்குக்குத்தான் முட்டி போட்டேன்."

"வோல்ட்டை ஆம்பியரால பெருக்குனா வாட். வகுத்தா ஓம்... அதாவது ரெசிஸ்டன்ஸ், காயில் கரண்ட்டை எவ்வளவு தடுக்குதுங்கற கணக்கு. இருநூத்து முப்பதை அஞ்சால வகுத்தா நாப்பத்தாறு. காயில் நல்லா இருந்தா நாப்பத்தாறு ஓம் வரணும்."

டெஸ்ட் போர்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மீட்டர்கள் அவள் கண்ணுக்கு மட்டும். பெட்டியின் இரண்டு முனைகளிலும் கிளிப்பை மாட்டினாள்.

சுவிட்ச்.

அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது...

பிறகு நிமிர்ந்தாள்.

"வோல்ட் இருநூத்து முப்பது... ஆம்பியர் அஞ்சு. நாப்பத்தாறு ஓம். பெட்டியில கோளாறே இல்ல சார்!"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அப்ப யாரோ தீ வெச்சிருக்காங்க. விபத்து இல்ல... கொலை!"

கணவன் துள்ளி எழுந்தான்.

"கொலையா? என்ன சார் சொல்றீங்க! அண்ணி, சரியாப் பாருங்க!"

"பாத்துட்டேன் மாப்பிள்ளை. அஞ்சேதான்."

"இருக்காது! பத்து காட்டணும்!"

"ஏன்?"

"அது... பெட்டி ரொம்ப சுட்டுச்சே! அதனாலதானே வயர் எரிஞ்சுது!"

"அஞ்சு ஆம்பியருக்கு வயர் எரியாது மாப்பிள்ளை. நாப்பத்தாறு ஓம்."

"நாப்பத்தாறு எப்படி வரும்? இருபத்திமூணு! ரெண்டாயிரத்து முந்நூறு வாட் காயில் அது! அட்டைப் பெட்டி மேலயே அச்சடிச்சிருந்..."

நிறுத்தினான்.

இன்ஸ்பெக்டர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"எந்த அட்டைப் பெட்டி?" இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது. "பல்பு மாட்டத் தெரியாதவருக்குப் புதுக் காயில் எதுக்கு?"

"சார்... சும்மா ஒரு கணக்கு..."

வாசலை நோக்கிப் பாய்ந்தான். கான்ஸ்டபிள் குறுக்கே நின்றார்.

அவள் அவன் எதிரே வந்தாள். அவ்வளவு நெருக்கத்தில் அந்தக் கண்களை அவனால் பார்க்க முடியவில்லை.

"ஃப்யூஸ்ல தடிச்ச கம்பியைக் கட்டினதும் நீதானே?" மாப்பிள்ளை மரியாதை போயே போய்விட்டது. "காயில் ரெண்டு மடங்கு இழுக்கும்... ஃப்யூஸ் போகாது... வயர் எரியும். நல்லாத்தான் படிச்சிருக்க!"

"அவ என்னை விட்டுட்டுப் போறேன்னா அண்ணி... ஊர் சிரிக்குமேன்னு..."

"அண்ணியா? அந்த வார்த்தையும் அவளோட சேந்து எரிஞ்சு போச்சு. தூக்குல போட்டுடாதீங்க சார். பொழுது விடியறப்பல்லாம் அவ கத்தினது இவன் காதுல கேக்கணும். கெழவனாகிற வரைக்கும் கேக்கணும்!"

விலங்கு மாட்டப்பட்டது. ஜீப் அவனை ஏற்றிக்கொண்டது.

பத்து நாளாக அடைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது. மேஜையில் தலை சாய்த்து, தங்கையின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுது தீர்த்தாள்.

இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா... அஞ்சுன்னு பொய்தானே சொன்னீங்க? நிஜமா மீட்டர் பத்துதானே காட்டுச்சு?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, டெஸ்ட் போர்டை அவர் பக்கம் திருப்பினாள்.

சுவிட்ச் இன்னும் போட்டபடியே இருந்தும், ஆம்பியர் மீட்டரின் முள் பூஜ்யத்தில் கிடந்தது!

"தீயில காயிலே அறுந்து போச்சு சார். அதுல ஒரு சொட்டுக் கரண்ட் போகல. சாட்சி சொல்ல அதுக்கு வழியே இல்ல."

"அப்ப அந்த இருபத்திமூணு...?"

"அவன் வாயில அளந்தது சார். அதுக்குத்தான் ரெசிஸ்டன்ஸே கிடையாதே!"